பதிமூன்றும் பதினேழும்

ஜாஸ்பினின் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்த செய்தி தக்கலைப் பக்கம் பரவ அதிக நேரம் ஆகவில்லை. மறுநாளே சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் பத்து நிமிடம் பேசவேண்டும். எட்டு வருடமாகப் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்து என்ன கண்டுபிடித்தாள் என்பதை எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லவேண்டும்.

அவர்கள் போனபின் ஜாஸ்பின் தலையில் கைவைத்தாள். தனியார் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள்தான். ஆனால் தன் ஆய்வைப் பற்றித் தமிழில் ஒரு வாக்கியம்கூட அவள் இதுவரை பேசியதில்லை. ஆய்வேடு முழுக்க ஆங்கிலம். வழிகாட்டியான நாராயணபெருமாள் சாரிடமும் பாதி ஆங்கிலத்தில்தான் பேச்சு நடக்கும்.

"எங்கிட்ட சொல்லிப் பாருங்க மைனி" என்றாள் ரெனிஷா. அவள் ஜாஸ்பினின் கணவன் ராஜகுமாரின் தங்கை. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். "எனக்கு வெளங்கிச்சுன்னா சபையில எல்லாருக்கும் வெளங்கும்."

சனிக்கிழமை மத்தியானம் ரெனிஷா அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஜாஸ்பின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வரிசை. ஒண்ணு, ரெண்டுன்னு தொடங்குது. அடுத்து வாற எண்ணுக்கு ஒரு சட்டம் உண்டு. அதுக்குத் தொட்டு முன்னால நிக்கியதோட ஒரு பகா எண்ணாவது பொதுவா இருக்கணும். அதுக்கும் முன்னால நிக்கியதோட ஒண்ணுகூடப் பொதுவா இருக்கக்கூடாது. இந்தச் சட்டத்துக்கு ஒத்து வாறதுல, இதுவரை வராத ஆகச் சின்ன எண்ணை எடுக்கணும்."

"பகா எண்ணுன்னா? பத்தாங்கிளாஸோட மறந்துபோச்சு."

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, இப்படி. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும்தான் வகுபடும். ஆறுக்குள்ள ரெண்டும் மூணும் இருக்கு. பதினஞ்சுக்குள்ள மூணும் அஞ்சும் இருக்கு."

"செரி. அப்பம் ரெண்டுக்கு அடுத்து நாலு."

"அதுலதான் ஒரு சிக்கல். நாலுக்குள்ள ரெண்டைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. நாலுக்கு அடுத்து வாறவனுக்கு நாலோட சேர ரெண்டு வேணும். ஆனா அதுக்கு முன்னால நிக்கிய ரெண்டோட சேரக்கூடாதுன்னா ரெண்டு இருக்கப்பிடாது. வரிசை அங்கயே நின்னுபோயிரும். அதனால, எடுக்கிய எண்ணு, தொட்டு முன்னால நிக்கியதுல இல்லாத ஒரு பகா எண்ணையும் புதுசா கையில வச்சிருக்கணும். அப்பம் ஆறு. ஆறுக்கு அடுத்து பதினஞ்சு. இனி நீ சொல்லு."

ரெனிஷா கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். "பத்து. பதினஞ்சுக்கும் பத்துக்கும் அஞ்சு பொது."

"பத்துக்கும் ஆறுக்கும் ரெண்டு பொதுவாயிருமே."

"அப்பம் இருபத்தஞ்சு? இல்ல, அதுல அஞ்சு மட்டும்தான் இருக்கு. முப்பது ஆகாது. முப்பத்தஞ்சு."

"முப்பத்தஞ்சேதான். பெறவு பதினாலு, பன்னெண்டு, முப்பத்திமூணு, அம்பத்தஞ்சு, பத்து. இப்படியே போய்க்கிட்டிருக்கும்."

ரெனிஷாவுக்கு அது பிடித்துப்போயிற்று. சீவிய தோலை ஒதுக்கிவிட்டு அடுத்த எண்ணைத் தானே தேட ஆரம்பித்தாள். பதினெட்டு என்று சரியாகச் சொல்லிவிட்டு, "இதுல நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு பகா எண்ணாவது உள்ளுக்க வச்சிருக்கிய எல்லா எண்ணும் இந்த வரிசையில எப்பமாவது ஒரு இடத்துல வந்தே தீரும்னு நிரூபிச்சேன். ஒண்ணுகூட விட்டுப்போகாது."

இதைச் சொல்லும்போது ஜாஸ்பினின் குரலில் ஒரு பெருமை வந்தது. ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அது. அவளும் நாராயணபெருமாள் சாரும் சேர்ந்து ஒரு ஆய்விதழில் அதை வெளியிட்டிருந்தார்கள். வெளியூர்த் தேர்வாளர்கள் இரண்டு பேரும் ஆய்வேட்டின் மிகச் சிறந்த பகுதி என்று அதைத்தான் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

"எப்படி நிரூபிச்சீங்க? அதையும் சொல்லணும்லா?"

"சொல்லுகேன். இருநூத்தி இருபத்தொண்ணு வரவே இல்லன்னு வச்சுக்க. பதிமூணு பெருக்கல் பதினேழு. வந்த எண்ணு திரும்ப வராது. அதனால ஒரு இடத்துக்கு மேல வாறது எல்லாமே இருநூத்தி இருபத்தொண்ணைவிடப் பெருசாத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்துல பதிமூணு உள்ள ஒரு எண்ணு தனியா வருது. தனியான்னா, அதுக்குள்ளயும் பதினேழு இல்ல, அதுக்கு முன்னால நிக்கியதுக்குள்ளயும் பதிமூணோ பதினேழோ இல்ல. இப்பம் அடுத்த இடத்துக்கு இருநூத்தி இருபத்தொண்ணு வரலாமா?"

"வரலாமே. பதிமூணு பொது. பதினேழு புதுசு."

"வரலாம்னா வந்துதான் ஆகணும். ஆகச் சின்னதை எடுக்கணும்னு சட்டம் இருக்கே. இதை விட்டுட்டுப் பெருசை எடுக்க முடியாது. வரவே இல்லன்னு வச்சோம். வந்துட்டு. அப்பம் நாம வச்சது தப்பு."

"கொள்ளாமே, நல்லாருக்கே" என்றாள் ரெனிஷா. "அப்பம் பதிமூணு தனியா வந்தா போதும்."

"ஆமா. பதிமூணு எப்பமாவது தனியா வரும். அது..."

ஆய்வேட்டில் அந்த வாக்கியம் 'கிளியர்லி' என்று தொடங்கும். ஜாஸ்பின் அதற்குத் தமிழ் தேடினாள். தெளிவாக. வெளிப்படையாக. சொல்லாமலே விளங்கும். எதுவும் வாக்கியத்தில் ஒட்டவில்லை. ஏன் விளங்கும் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லவேண்டியிருந்தது. அந்த அடுத்த வாக்கியம் அவளிடம் இல்லை.

நானூற்று நாற்பத்திரண்டு. அறுநூற்று அறுபத்து மூன்று. இவற்றுக்குள் பதிமூன்றும் பதினேழும் சேர்ந்தே இருக்கின்றன. கொஞ்சநாள் விட்டுப்போய்ப் பதிமூன்று திரும்பி வரும்போதெல்லாம் பதினேழையும் கூட்டிக்கொண்டே வந்தால்? அல்லது பதிமூன்று விட்ட இடத்தைப் பதினேழும், பதினேழு விட்ட இடத்தைப் பதிமூன்றும் பிடித்துக்கொண்டு இடைவெளியே இல்லாமல் போனால்? எதனால் அப்படி நடக்காது?

"என்ன மைனி, நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல. இரு, வாறேன்."

அறைக்குப் போய் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன் எழுதிய பக்கம். எத்தனையோ தடவை படித்தது. 'கிளியர்லி' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு அவள் வீட்டிலேயே இருந்தாள். ஓட்டையை அடைக்க வழி தேடினாள். ஒரு வழி சரியாக வருவது போலிருக்கும், எழுதிப் பார்த்தால் முன்பு விட்ட அதே இடத்தில் வேறு பக்கமாக வந்து நிற்கும். திங்கட்கிழமை கல்லூரியில் விடுப்பு போட்டாள். கணினியில் வரிசையைப் பத்து லட்சம் எண்கள் வரை ஓட்டிப் பார்த்தாள். பதிமூன்றும் பதினேழும் எத்தனையோ இடங்களில் தனித்தனியாக வந்தன. இருநூற்று இருபத்தொன்றும் எப்போதோ வந்துவிட்டிருந்தது. அவள் எடுத்துப் பார்த்த ஜோடிகள் எல்லாமே ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன.

சாயங்காலம் கடை அடைத்து வந்த ராஜகுமார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன். அவளுடைய படிப்பு முடியவேண்டும் என்று அவளைவிட அதிகம் ஆசைப்பட்டவன் அவன்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பம் நீ எழுதினது தப்பா?"

"தப்புன்னு தெரியாது. உள்ளதுன்னும் தெரியாது. உள்ளதுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கம்ப்யூட்டர்ல பாத்தா உள்ளதாத்தானே இருக்கு?"

"பாத்தது வரைக்கும். பாக்காதது முடிவில்லாம கிடக்கு."

அவன் திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இந்த வரிசையை நினைச்சுக்கிட்டிருக்கிய ஆளே உலகத்துல பத்துப் பேர் இருந்தா அதிகம்."

"வியாழக்கிழமை தேர்வு முடிஞ்ச பெறவு சொன்னா ஆகாதா? காலேஜ்ல அந்த நிரந்தர போஸ்ட்டுக்கு இந்த வருசமே பட்டம் வேணும்னு சொன்னாங்களே."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளும் காலையிலிருந்து அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து போய்ப் பாலில்லாமல் கட்டன்சாயா போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தான்.

"நான் கேட்டேன்னு வச்சு ஒண்ணும் செய்யாத" என்றான். "உனக்கு எது ஒக்குமோ அதைச் செய்யி. எட்டு வருசம் பொறுத்தாச்சு."

மறுநாள் காலை அவள் பறக்கைக்குப் போனாள். நாராயணபெருமாள் சாரின் வீடு குளக்கரையை ஒட்டி இருந்தது. மே மாதம் அவருக்குப் பணி ஓய்வு. அவரிடம் ஆய்வு செய்கிற கடைசி ஆள் ஜாஸ்பின். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்தார். அவள் உட்காராமலே சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையால் இரு என்று காட்டிவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியும் காகிதமும் எடுத்து வந்தார்.

அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் காகிதத்தில் கணக்குப் பார்த்தார். பதிமூன்று, பதினேழு என்று எழுதினார். அடித்தார். திரும்ப எழுதினார். அவருடைய காது மெல்லச் சிவந்தது.

"அடைச்சிரலாம்" என்றார். "சின்ன ஓட்டைதான்."

"மூணு நாளா பாக்கேன் சார்."

"அப்பம் இன்னும் மூணு மாசம் பாப்போம். வியாழக்கிழமை முடியட்டு. ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து பெறவு சரியாக்குவோம். யாரும் இந்தப் பக்கத்தைத் தோண்ட மாட்டாங்க."

"தோண்டல்லன்னா நான் அவங்க முன்னால நின்னு இது நிரூபணம்னு சொல்லணும் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுகாங்க" என்று சட்டென்று குரலை உயர்த்தினார். உடனே தாழ்த்திக்கொண்டார். "நீ நல்ல பிள்ள. ஒனக்கு ஒரு வேலை நிரந்தரமாகட்டும்னுதான் நினைக்கேன். அந்தக் கட்டுரையில என் பேரும் இருக்கு ஜாஸ்பின். ரிட்டையர் ஆகப்போற நேரத்துல."

உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தார்கள். விடைபெறும்போது அவர் வாசல் வரை வரவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை கருத்தரங்கு அறை நிறைந்திருந்தது. துறை ஆசிரியர்கள், முதுகலை மாணவர்கள், கடைசி வரிசையில் ராஜகுமாரும் ரெனிஷாவும். தேர்வாளராகக் கேரளத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை அஜிஷா ஜாஸ்பினைவிட வயதில் இளையவர். முன்வரிசையில் ஆய்வேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாராயணபெருமாள் சார் யாரையும் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நான்கு அத்தியாயங்களை ஜாஸ்பின் தடங்கல் இல்லாமல் முடித்தாள். ஐந்தாவதன் தலைப்பு திரையில் வந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"இந்த அத்தியாயத்தின் முக்கியத் தேற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நிரூபித்துவிட்டதாக எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. எங்கே சரியல்ல என்று காட்டுகிறேன்."

அறையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் கரும்பலகைக்குப் போய்ப் பதிமூன்று, பதினேழு என்று எழுதினாள். தனியாக வரும் என்று எடுத்துக்கொண்ட இடத்தைக் காட்டினாள். அது நடக்காமல் போகக்கூடிய இரண்டு வழிகளையும் எழுதினாள். பிறகு, உறுதியாக நிற்பது எது என்பதை ஒரே வரியில் எழுதினாள்: ஒன்று, இருநூற்று இருபத்தொன்று வரும், இல்லையென்றால், ஒரு கட்டத்துக்கு மேல் பதிமூன்று ஒருபோதும் அந்தப் பொருளில் தனியாக வராது. எந்த இரண்டு பகா எண்களை எடுத்தாலும் இவ்வளவு சொல்லலாம். இதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அஜிஷாவைப் பார்த்தாள்.

அஜிஷா ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்தார். கரும்பலகையைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"இந்தப் பக்கத்தை நான் ரெண்டு வட்டம் வாசிச்சேன்" என்றார், மலையாளம் கலந்த தமிழில். "கிளியர்லின்னு கண்டதும் நானும் தலையாட்டிட்டுப் போயிட்டேன். என் அறிக்கையிலயும் நல்லதுன்னுதான் எழுதினேன். தப்பு என்னோடதும் கூடத்தான்."

"என்னோடது" என்றார் நாராயணபெருமாள் சார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். "நான் வழிகாட்டி. செவ்வாய்க்கிழமையே அவ என்கிட்ட வந்து சொன்னா. பெறவு பாத்துக்கிடலாம்னு நான்தான் சொன்னேன்." இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முடிவு எதிர்பார்த்ததுதான். ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதி மறுபடி சமர்ப்பிக்கவேண்டும், மறுபடி வாய்மொழித் தேர்வு. வெளியே வந்ததும் ரெனிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜகுமார் விருந்துக்குச் சொல்லிவைத்திருந்த ஓட்டலுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பப் பண்ணி, "மூணு பேருக்கு மட்டும் வைங்க" என்றான்.

கல்லூரியில் அந்த நிரந்தர இடம் வேறொருவருக்குப் போயிற்று. புதிதாக வந்தவர் நல்ல மனிதர். ஜாஸ்பின் அவருக்குக் கால அட்டவணையை விளக்கிக் காட்டிவிட்டு வகுப்புக்குப் போனாள். அன்று வகுப்பில் ஒரு கணக்கைப் பாதியில் மறந்து நின்றாள். வீட்டுக்கு வந்து அழுதாள். சரியாகத்தான் செய்தோம் என்று தெரிந்தும் அழுகை வந்தது. ராஜகுமார் கடைக்குப் போகாமல் கூட இருந்தான்.

நாராயணபெருமாள் சார் பல வாரங்கள் போனை எடுக்கவில்லை. ஆய்விதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பவேண்டும், அதில் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று அவள் மின்னஞ்சல் எழுதினாள். பதில் இல்லை. அவருடைய பணி ஓய்வு விழாவுக்கு அழைப்பு வந்தது. போனாள். மாலையும் பொன்னாடையுமாக நின்றவர் கூட்டத்துக்கு நடுவே அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஜூன் மாதம், நல்ல மழை பெய்த ஒரு காலையில், அவர் ஸ்கூட்டரில் தக்கலைக்கு வந்து இறங்கினார். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு நேரே சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்.

"அந்தத் திருத்தக் குறிப்பை எடு" என்றார். "நீ எழுதினதுல ஒரு வரி எனக்குப் பிடிக்கல்ல. 'முதல் ஆசிரியரான ஜாஸ்பினின் கவனக்குறைவால்'னு எழுதியிருக்கே. அதை வெட்டு. ரெண்டு பேரு எழுதினது. ரெண்டு பேருக்கும் தெரியல்ல."

"சார், கிளியர்லிங்கிய வரியை நான்தானே எழுதினேன்."

"நான்தானே படிச்சேன். முப்பது வருசமா பிள்ளேளுக்குச் சொல்லியிருக்கேன், கிளியர்லின்னு எழுதினா அங்க ஏதோ கிளியரா இல்லன்னு அர்த்தம்னு. சொல்லத்தான் தெரிஞ்சிருக்கு." அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். "அன்னைக்கு நீ போனப்பம் வாசலுக்கு வந்திருக்கணும். வரல்ல. என் பெஞ்சாதி கேட்டா, அந்தப் பிள்ளைக்கு நீங்க ஏன் முகம் குடுக்கல்லன்னு."

ஜாஸ்பின் அடுக்களைப் பக்கம் திரும்பி, "கிழங்கு அவிச்சிருக்கு சார், சாப்பிடுதீங்களா?" என்று கேட்டாள்.

"மீன்கறி இல்லாம தா" என்றார். அன்று மத்தியானம் வரை இருந்து குறிப்பை வரி வரியாகத் திருத்தினார்கள். கடைசியில் இருவர் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள்.

திருத்திய ஆய்வேட்டோடு இரண்டாம் வாய்மொழித் தேர்வு அந்த வருட இறுதியில் நடந்தது. இந்த முறை கூட்டம் இல்லை. தேற்றம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறிய தேற்றமும், அதற்குக் கீழே ஒரு ஊகமும் இருந்தன. அஜிஷா கேட்ட கடைசிக் கேள்வி ஆய்வேட்டில் இல்லாதது.

"ஊகம் உண்மைன்னு விசுவாசிக்கிறீங்களா?"

"விசுவாசிக்கேன்" என்றாள் ஜாஸ்பின். "ஆனா உண்மைன்னு எழுதல்ல."

அஜிஷா சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பட்டம் உறுதியானது. கிளம்பும்போது ஜாஸ்பினைத் தனியாக அழைத்தார். "பதிமூணு பதினேழுக் காரியம் என்னை விடமாட்டேங்குது. நானும் இதுல கிட்டத்தட்ட ஒரு வருசமா மாட்டிக்கிட்டிருக்கேன். கோடை லீவில் திருவனந்தபுரம் வரலாமா? ரெண்டு பேருமாச் சேர்ந்து இருந்து பாக்கலாம்."

நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ராஜகுமார் அவளைத் தக்கலை நிறுத்தத்தில் பஸ் ஏற்றிவிட்டான். ரெனிஷா ஒரு பாட்டிலில் சூரை மீன் ஊறுகாய் கட்டிக் கொடுத்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அஜிஷாவின் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. பாதிக்கு மேல் எதையோ எழுதி அடித்திருந்தார்.

"உட்காருங்க ஜாஸ்பின். சாயா வரும்" என்றவர், பலகையின் ஒரு பக்கத்தைத் துடைத்துச் சுத்தமாக்கினார். "எங்கேர்ந்து தொடங்கலாம்?"

ஜாஸ்பின் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"நின்னுபோன இடத்துலேருந்து" என்று சொல்லி, பலகையின் நடுவில் எழுதத் தொடங்கினாள்.